இலைப் படத்தில் வரப்பு போடுவது யார்?

பயிரில் ஏதாவது கோளாறு தென்பட்டால், இலையைப் பறித்து மடியில் முடிந்துகொண்டு மருந்துக் கடைக்கு ஓடுவது நம்மிடையே நெடுநாளாக உள்ள பழக்கம். இப்போது அந்த ஓட்டமும் குறைந்து வருகிறது. செல்போனை இலைக்கு நேரே நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும், இன்ன நோய், இன்ன மருந்து என்று அதுவே சொல்லிவிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால் அந்தச் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்? சிறு விவசாயிகள் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏனெனில் தவறான மருந்துக்குப் போகும் பணம் நம் கையிலிருந்துதான் போகிறது.

எனது பக்கத்து வயல்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நடவு செய்து மூன்று வாரம் ஆன நெற்பயிரில், அடியிலைகளில் துரு நிறத்தில் சிறு சிறு புள்ளிகள் கண்டன. படம் எடுத்தார். செம்புள்ளி நோய் என்று பதில் வந்தது. "கொஞ்சம் பொறுங்கள், தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டுத் தெளிக்கலாம்" என்றேன். "அண்ணே, செல்போனே சொல்லிடுச்சு, இதுக்கு மேல யாரைக் கேக்கணும்?" என்று பூசணக் கொல்லியை வாங்கி இரண்டு முறை தெளித்தார். பயிர் தேறவில்லை. பிறகு வேளாண்மை அலுவலர் வந்து பார்த்து, இது துத்தநாகக் குறைபாடு என்றார். அரை சத துத்தநாக சல்பேட்டும் ஒரு சத யூரியாவும் கலந்து தெளித்த பிறகு பயிர் பச்சை கட்டியது. இரண்டு தெளிப்பின் செலவும் இரண்டு வார வளர்ச்சியும் போனது போனதுதான்.

இதில் செல்போனைத் திட்டிப் பயனில்லை. அது எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதற்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பது விளங்கிவிடும்.

படம் என்பது எண்களே

கணிப்பொறிக்கு இலையும் தெரியாது, நோயும் தெரியாது. அது படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஓர் எண் கொடுக்கிறது. முழு இருட்டுக்கு 0, முழு வெண்மைக்கு 255. ஆக மொத்தம் 256 படிகள். கறுப்பு வெள்ளைப் படமானால் ஒரு கட்டத்துக்கு ஓர் எண். வண்ணப் படமானால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள்.

நோய் கண்ட இடத்தை மட்டும் படத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்று வையுங்கள். மிக எளிய வழி, ஓர் எண்ணை வரம்பாக வைப்பது. அந்த எண்ணுக்குக் கீழே உள்ள கட்டங்கள் ஒரு பக்கம், மேலே உள்ளவை மறு பக்கம். ஒரு வயலை வரப்பு போட்டு இரண்டு பாத்தியாகப் பிரிப்பதைப் போன்றதுதான் இது. படத்தைப் பகுத்தல் என்று விஞ்ஞானிகள் கூறும் வேலையின் முதற்படி இதுவே.

வரப்பை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. சல்லடைக் கண் பெரிதானால் கல்லும் நெல்லோடு இறங்கிவிடும். சிறிதானால் நெல்லும் மேலேயே தங்கிவிடும். அதைப் போலவே, வரம்பு எண் சற்று ஏறினால் நல்ல இலைப் பகுதியும் நோய்க் கணக்கில் சேரும். சற்று இறங்கினால் நோயும் நல்ல இலையாகிவிடும்.

மூட்டைக்குள் கை விட்ட கதை

சரியான வரம்பு எண்ணைக் கணிப்பொறியே கண்டுபிடிக்கப் பல முறைகள் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த ஓட்சு 1979-ல் ஒரு முறையை வெளியிட்டார். 1985-ல் இன்னொரு முறை வந்தது. அதை எழுதிய மூவரில் முதல்வர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ஜகத் நாராயண் கபூர். மற்ற இருவர் சாகூ, வாங் ஆகியோர். கபூர் முறை என்றே இன்றும் உலகெங்கும் இதைக் குறிப்பிடுகிறார்கள். இம்முறைக்கு அடிப்படை எண்ட்ரோபி என்னும் அளவு. செய்திகளை அளப்பதற்காக அமெரிக்க விஞ்ஞானி கிளாட் ஷானன் 1948-ல் வகுத்தது அது.

பெயர்தான் புதிது, கருத்து நமக்குத் தெரிந்ததே. இரண்டு மூட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் உளுந்து மட்டும். மற்றொன்றில் உளுந்து, பயறு, துவரை, கொள்ளு, எள் ஐந்தும் சம அளவில் கலந்து கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு முதல் மூட்டையில் கை விட்டால், என்ன வரும் என்று முன்பே சொல்லிவிடலாம். இரண்டாவது மூட்டையில் சொல்ல முடியாது. இந்தச் 'சொல்ல முடியாமை'யின் அளவுதான் எண்ட்ரோபி. முதல் மூட்டைக்கு அது பூஜ்யம். ஐந்தும் சமமாகக் கலந்த மூட்டைக்கு அதுவே உச்சம்.

கபூர் முறை இதைப் படத்துக்குப் பயன்படுத்துகிறது. ஓர் இடத்தில் வரப்பு போட்டு, இரண்டு பக்கத்திலும் உள்ள வெளிச்ச எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று தனித்தனியே எண்ட்ரோபி கணக்கிட்டு, இரண்டையும் கூட்டுகிறது. பிறகு வரப்பை ஒரு படி நகர்த்தி மறுபடியும் கூட்டுகிறது. எந்த இடத்தில் கூட்டுத்தொகை மிக அதிகமோ, அதுவே வரம்பு எண். இதற்கு முன்கூட்டியே ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்க வேண்டியதில்லை. பெரிய கணிப்பொறியோ இணையத் தொடர்போ தேவையில்லை. விலை குறைந்த செல்போனே போதும். சிக்கனமான முறை என்பதில் ஐயமில்லை.

தேனீயும் குயிலும் எதற்கு வந்தன?

இலைப் படம் இரண்டே பாத்தியில் அடங்குவதில்லை. நல்ல பச்சை, மஞ்சள் ஓடிய பகுதி, பழுப்புப் புள்ளி, அதன் நடுவே சாம்பல், பின்னால் மண், மேலே நிழல் என்று பலவும் இருக்கும். ஆகவே பல வரப்புகள் போட வேண்டியுள்ளது. ஒரு வரப்புக்கு 255 இடங்களைப் பார்த்தால் போதும். இரண்டு வரப்புக்கு 32,385 விதங்கள். மூன்றுக்கு 27 இலட்சத்துக்கு மேல். நான்குக்கு 17 கோடிக்கு மேல். ஐந்துக்கு 863 கோடியைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பயிர் அறுவடைக்கு வந்துவிடும்.

இங்கேதான் இயற்கையைப் பார்த்துப் படித்த தேடும் முறைகள் வருகின்றன. எறும்புச் சாரி வழி கண்டுபிடிப்பதைப் பார்த்து மார்கோ டோரிகோ 1992-ல் ஒரு முறை வகுத்தார். பறவைக் கூட்டம் சேர்ந்து பறப்பதைப் பார்த்து ஜேம்ஸ் கென்னடி, ரஸ்ஸல் எபர்ஹார்ட் இருவரும 1995-ல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். துருக்கி நாட்டுக் கராபோகா 2005-ல் தேனீக் கூட்டத்தைக் கணக்காக்கினார். சில தேனீக்கள் தெரிந்த பூக்களிடம் போகின்றன. சில அவற்றின் ஆட்டத்தைப் பார்த்து, தேன் அதிகமுள்ள இடத்துக்குப் பின்தொடர்கின்றன. ஓர் இடம் வற்றிவிட்டால் சில புதிய இடம் தேடிப் போகின்றன. கணிப்பொறியில் பூ என்பது ஒரு வரப்பு அமைப்பு. தேன் என்பது அதன் எண்ட்ரோபி மதிப்பெண். கோடிக்கணக்கான இடங்களையும் பார்க்காமல், சில ஆயிரம் இடங்களைப் பார்த்தே நல்லதோர் அமைப்பைப் பிடித்துவிடலாம் என்பதே இதன் நோக்கம்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. குயில் முறை என்று உலகமெங்கும் பேசப்படும் தேடும் முறை முதன்முதலில் வெளியானது நமது கோயமுத்தூரில் 2009 டிசம்பரில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில்தான். எழுதியவர்கள் ஷின்-ஷி யாங், சுவாஷ் தேப் என்ற இருவர். குயில் தன் முட்டையைப் பிற பறவையின் கூட்டில் இடும். கூட்டுக்காரப் பறவை கண்டுகொண்டால் முட்டை வெளியே போகும். அதைப் போலவே, இந்தக் கணக்கில் மட்டமான விடைகளில் ஒரு பங்கு ஒவ்வொரு சுற்றிலும் தூக்கி எறியப்படுகிறது. புதிய விடைகள், பக்கத்திலேயே பல சிறு தாவல்களும் எப்போதாவது ஒரு நெடுந்தாவலுமாகத் தேடப்படுகின்றன. காக்கைக் கூட்டில் குயில் முட்டையைக் கண்டிருக்கும் நமக்கு இது எளிதில் புரியும்.

என் குறை எங்கே?

இவையெல்லாம் அறிவுக் கூர்மையான வேலைகள், மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்குப் பிறகு நடந்து வருவதைப் பார்க்கும்போது ஒரு விவசாயியாக எனக்குச் சில குறைகள் உண்டு.

முதலாவது, புதுப்புது விலங்குகளின் மீது உள்ள மோகம். வௌவால், மின்மினி, 2014-ல் சாம்பல் ஓநாய், 2016-ல் திமிங்கலம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொன்றையும் எண்ட்ரோபியோடு முடிச்சுப் போட்டு, முந்தியதைவிட மதிப்பெண் சற்றுக் கூடியது என்று கட்டுரைகள் வருகின்றன. வெறும் உவமையைப் புதுமை என்று காட்டும் இப்போக்கைக் கென்னத் சோரென்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2015-ல் வன்மையாகக் கண்டித்து எழுதினார். விதைக் கடையில் பையின் படத்தை மட்டும் மாற்றிப் பழைய விதையையே விற்பது நமக்குத் தெரியாததா?

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கபூர் முறையில் ஒவ்வொரு பாத்திக்கும் மதிப்பெண் தனித்தனி. மொத்தம் என்பது அவற்றின் கூட்டல். ஆகவே ஒரு வரப்புக்குச் சிறந்த விடைகளை எழுதி வைத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டாவது, அதன் மேல் மூன்றாவது என்று படிப்படியாகக் கணக்கிட்டால், ஐந்து வரப்புக்கும் சில இலட்சம் படிகளில் மிகச் சரியான விடையே கிடைத்துவிடும். இதற்குத் தேனீயும் வேண்டாம், ஓநாயும் வேண்டாம், கணக்குப்பிள்ளை போதும். வேறு வகை எண்ட்ரோபிகளும் பல எண்களைச் சேர்த்துப் பார்க்கும் சிக்கலான கணக்குகளும் வரும்போது தேடும் முறைகள் கட்டாயம் உதவும். தேவைப்படும் இடத்தில் பயன்படுத்துவதே முறை.

இரண்டாவது குறை, இந்தப் பரீட்சைகள் எந்தப் படத்தின் மீது நடக்கின்றன என்பது. படத்தைப் பகுக்கும் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் சில பழைய மாதிரிப் படங்கள் உண்டு. கேமராக்காரர் படம் ஒன்று. குவித்து வைத்த குடைமிளகாய்ப் படம் இன்னொன்று. குடைமிளகாய்ப் படத்தில் எத்தனையோ முறை வரப்பு போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஆனால் நம் மிளகாய்ச் செடியின் இலைச் சுருட்டைக்கு அதனால் விடிவு வந்ததா?

வரப்பு சரி, பாத்தியில் இருப்பது என்ன?

மூன்றாவது குறைதான் முக்கியமானது. எண்ட்ரோபி மதிப்பெண் கூடினால் நோய் சரியாகப் பிரிக்கப்பட்டது என்று பொருளல்ல. இதை மூன்று வகையில் காட்டலாம்.

நோயே இல்லாத, நல்ல பச்சை இலையின் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். வரப்பு போடச் சொன்னால் இந்த முறை போட்டே தீரும். நரம்பு ஒரு பக்கம், இலைப்பரப்பு ஒரு பக்கம் என்றோ, வெயில் பட்ட பாதி, நிழல் பட்ட பாதி என்றோ இரண்டாகப் பிரித்துவிடும். "இங்கே பிரிக்க ஒன்றுமில்லை" என்று சொல்ல அதற்குத் தெரியாது. இரண்டில் கறுத்த பகுதிக்கு நோய் என்று பெயர் வைத்தவன் மனிதன்தான்.

அடுத்து, படத்தின் கட்டங்களையெல்லாம் கலைத்து, சோழியைப் போலக் குலுக்கிப் போடுங்கள். இலையும் இருக்காது, புள்ளியும் இருக்காது. ஆனால் எந்த எண் எத்தனை முறை வருகிறது என்ற பட்டியல் மாறாது. ஆகவே கபூர் முறை அதே வரம்பு எண்ணைத்தான் கொடுக்கும். அது பார்ப்பது எண்களை மட்டுமே. எந்த எண் எங்கே இருக்கிறது என்பதை அல்ல. நாம் குலை நோயை எப்படி அறிகிறோம்? கதிர் வடிவில் இரு முனையும் கூராக, நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக உள்ள புள்ளியின் உருவத்தைக் கொண்டு. செம்புள்ளி நோயில் புள்ளி வட்டமாக, எள் போல இருக்கும். உருவத்தை விட்டுவிட்டால் இரண்டும் வெறும் பழுப்பு நிறம்தான். பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும் எண்ட்ரோபி முறை 1989-லேயே வந்தது. அது குறையைச் சற்றுக் குறைக்கிறதே தவிர, நீக்கிவிடவில்லை.

மூன்றாவதாக, வெளிச்சம். சென்ற சம்பாவில் நானே செய்து பார்த்தேன். ஒரே இலையைக் காலைப் பனியோடு ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, என் உடல் நிழலில் ஒரு முறை படம் எடுத்தேன். பனித்துளியின் பளபளப்பும் வெயிலின் வெண்மையும் எண்களையே மாற்றிவிடுகின்றன. மூன்று படத்துக்கும் செயலி ஒரே பதிலைச் சொல்லவில்லை. இலை மாறவில்லை, வெளிச்சம்தான் மாறியது. நீங்களும் செய்து பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை.

என் பக்கத்து வயல்காரருக்கு நேர்ந்ததும் இத்தகையதே. தழைச்சத்துக் குறைவில் முதிர்ந்த இலைகள் சீராக வெளிறும். துத்தநாகக் குறைவில் அடியிலையில் துருப்புள்ளி காணும். குருத்திலையின் அடிப்பக்கம், நடு நரம்பை ஒட்டி வெளுக்கும். துங்ரோ நோயில் இலை நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகும். பயிர் குட்டையாகி வயலில் திட்டுத் திட்டாய்த் தெரியும். அது பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் நோய். பூசணக் கொல்லி அதற்குப் பயன்படாது. ஓர் இலையின் படத்தில் இம்மூன்றும் மஞ்சளும் பழுப்பும்தான். எந்த இலை, எந்த வயதில், வயலில் எங்கே என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் வேற்றுமை தெரியும். படத்தில் இல்லாத செய்தியை எந்தக் குயிலும் தேடிக் கொடுக்க முடியாது.

இலை வண்ண அட்டை தரும் பாடம்

வரம்பு எண் என்பது நமக்குப் புதிதல்ல. இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தும் விவசாயிகள் அதைக் காண்கிறார்கள். வெள்ளைப் பொன்னி போன்ற இரகத்துக்கு வரம்பு எண் 3. பிற இரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும் 4. பத்து இலைகளில் ஆறும் அதற்கு மேலும் குறைவாக இருந்தால் தழைச்சத்து இட வேண்டும். நேர் வெயிலில் பார்க்காமல் உடல் நிழலில் பார்க்க வேண்டும்.

இந்த 3-ம் 4-ம் எப்படி வந்தன? அட்டையின் வண்ணங்கள் எப்படிப் பரவியுள்ளன என்று கணக்குப் போட்டு வந்தவையல்ல. இரகவாரியாகப் பயிர் வைத்து, உரமிட்டு, அறுத்து, மகசூலை அளந்து வந்தவை. அதனால்தான் ஒரு பிளாஸ்டிக் அட்டை நம் நம்பிக்கையைப் பெற்றிருக்கிறது. படம் பகுக்கும் கணக்குகளிடமும் நான் கேட்பது இதே பரீட்சையைத்தான்.

பரீட்சை சாலையும் வயலும்

வயலில் பரீட்சை வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். இது எண்ட்ரோபி முறையல்ல. ஏராளமான படங்களைக் காட்டிக் கணிப்பொறியைப் பழக்கும் வேறு முறை. 2016-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில் 14 பயிர்கள், 26 நோய்கள் அடங்கிய 54,306 இலைப் படங்களைப் பயன்படுத்தினார்கள். அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களைக் காட்டியபோது 99.35 சதவிகிதம் சரியாகச் சொன்னது. ஆனால் வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபோது, சரியான விடை 31 சதவிகிதம் அளவுக்கு இறங்கிவிட்டது. இதை மறைக்காமல் அவர்களே எழுதியது பாராட்டுக்குரியது. பறித்த இலையை ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுத்த படத்துக்கும், வயலில் காற்றில் ஆடும் இலைக்கும் உள்ள தூரம் அவ்வளவு. அந்த 14 பயிர்களில் ஆப்பிளும் ஸ்ட்ராபெரியும் உண்டு. நெல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே ஒரு செயலி "99 சதம் சரி" என்று விளம்பரம் செய்தால், "எந்தப் பயிரில், எந்த வயலில், யார் பார்த்தது?" என்று கேட்பது நம் உரிமை.

எதற்குப் பயன்படும்?

இவ்வளவு சொன்னதால் இந்த முறைகள் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். இன்ன நோய் என்று ஒரு முறை தெரிந்துவிட்ட பிறகு, எவ்வளவு இலை போயிற்று என்று அளப்பதற்கு இவை மிகவும் ஏற்றவை. ஓர் இலைக்கு 20,000 கட்டங்கள். அதில் 3,000 கட்டங்கள் நோய் என்றால், 15 சதவிகிதம் என்று நொடியில் சொல்லிவிடலாம். மனிதக் கண் சிறிதளவு நோயைப் பெரிதாக மதிப்பிடும் இயல்புடையது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நோயின் கடுமைக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் வகுத்திருக்கிறது. அத்தகைய மதிப்பீட்டை ஆளுக்கு ஆள் மாறாமல் செய்ய இக்கருவி கைகொடுக்கும். நோய் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று வாரம் ஒரு முறை அளந்து பார்த்தால், வீணாக இன்னொரு தெளிப்பு செய்யாமல் தப்பலாம். பயிர்ச் சேதத்தைக் கணக்கிடும்போதும் கண் மதிப்பைவிட இது நியாயமாக இருக்கும்.

அளப்பதற்குக் கருவி, அறிவதற்கு வயல். இதுவே என் கருத்தின் சுருக்கம்.

செய்ய வேண்டியவை

ஆராய்ச்சியாளர்களுக்கு என் வேண்டுகோள்கள் நான்கு. புதிய விலங்கைத் தேடுவதில் செலவிடும் நேரத்தில் ஒரு பாதியையாவது, பனியும் சேறும் களையும் நிழலும் உள்ள நம் வயல் படங்களைச் சேர்ப்பதில் செலவிடுங்கள். வரம்பு எண்ணை, அனுபவமுள்ளவர் கையால் வரைந்த நோய் எல்லையோடு ஒப்பிட்டு, எத்தனை முறை தவறியது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். நோயில்லா இலையையும் சத்துக் குறைவான இலையையும் பரீட்சையில் கட்டாயம் சேருங்கள். தெளிவில்லாதபோது "தெரியவில்லை, அலுவலரிடம் காட்டவும்" என்று தமிழில் சொல்ல உங்கள் கருவிக்குக் கற்றுக் கொடுங்கள். குயில் முறை வெளியான கோயமுத்தூரில்தான் வேளாண்மைப் பல்கலைக் கழகமும் இருக்கிறது. கணக்குக்காரர்களும் பயிர்க்காரர்களும் ஒரே ஊரில் இருந்துகொண்டு, வயலில் ஒன்றுசேராமல் இருக்கக் காரணம் ஏதுமில்லை.

விவசாயிகளாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. படம் எடுக்கும்போது இலை வண்ண அட்டைக்குச் செய்வதைப் போல, உடல் நிழலில் எடுங்கள். பனி உலர்ந்த பிறகு எடுங்கள். இலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். மண்ணும் களையும் கணக்கில் சேராது. ஓர் இலையோடு நிறுத்தாமல் வயலின் பல இடங்களில் பத்து இலைகளை எடுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும், முழுத் தூரையும், வயலின் தோற்றத்தையும் தனியே எடுத்து வையுங்கள். நட்ட தேதி, இரகம், இட்ட உரம், தண்ணீர் நிலை இவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள். பத்தில் ஆறு படத்துக்காவது ஒரே பதில் வராவிட்டால், அந்தப் பதிலைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே பதில் வந்தாலும், மருந்துக்குப் பணம் கொடுக்கும் முன் படங்களையும் நோட்டையும் உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டி, அவர் சொல்வதையும் கேளுங்கள். அவர் வயலுக்கே வந்து பார்த்தால் இன்னும் நல்லது. பூச்சியா, பூசணமா, சத்துக் குறைவா என்று முடிவாகாத நிலையில் எதையும் தெளிக்க வேண்டாம்.

இன்னொன்று. செயலி சொன்னது தவறிப்போனால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எந்தப் படம், என்ன சொன்னது, உண்மையில் என்னவாக இருந்தது என்பதை அலுவலரிடமும் ஆராய்ச்சி நிலையத்திலும் தெரிவியுங்கள். தவறிய படம்தான் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படும். குடைமிளகாய்ப் படத்துக்குப் பதில் நம் வயல் படம் அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர அதுவே வழி.

தேனீ தேடட்டும், குயில் பறக்கட்டும், எண்ட்ரோபி உயரட்டும். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வயலுக்கும் நம் வயலுக்கும் இடையே வரப்பு போடும்போது, கயிறு பிடிக்க நாமும் கூட நிற்போமல்லவா? இலைப் படத்தில் போடும் வரப்புக்கும் அப்படியே நிற்க வேண்டும். விளைச்சலும் நஷ்டமும் நம்முடையவை.